பின்திரை

பாடாங் செராயின் பழைய துரை பங்களா
இப்போது ஹோம்ஸ்டே.
அதன் முதலாளி கூய்
என் ஸ்டூடியோ மேசையில் ஒரு சுருளை விரித்தார்.
பன்னிரண்டு அறை, பன்னிரண்டு படம்.
ஒரே படம்தான். மொத்தமாக எடுத்தால் மலிவாம்.

மணல் இளஞ்சிவப்பு.
நாய் செங்கல் நிறம், அதன் நிழல் ஊதா.
இரண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.
ஒருத்தி எங்கோ பார்க்கிறாள்.
இன்னொருத்தி நம்மைப் பார்க்கிறாள்,
மறுபடியும் கடன் கேட்டு வந்தவனைப்
பார்ப்பது போல.

வரைந்தவனைப் பற்றி
போனில் பார்த்துப் படித்துக் காட்டினார் கூய்:
பிரெஞ்சுக்காரன். பங்குச் சந்தையில் நல்ல வேலை.
மனைவி, ஐந்து பிள்ளைகள்.
உதறிவிட்டுத் தீவுக்குக் கப்பலேறினான்.
தேடிப்போனது அங்கே இல்லை.
அவனுக்கு முன்பே
பாதிரியும் போலீசும் தைத்த கவுனும்
போய் இறங்கியிருந்தன.
இல்லாததை வரைந்து
ஊருக்கு அனுப்பினான்.
"இன்றைக்குக் கோடிக்கணக்கில் விலை," என்றவர்
சட்டத்துக்கு இரண்டு வெள்ளி குறைக்கச் சொன்னார்.

முருகனுக்கும் மாதாவுக்கும்
எஸ்.பி.எம். சான்றிதழுக்கும்
ஒரே மரத்தை அறுப்பவன் நான்.
இவர்களையும் கண்ணாடிக்கு அடியில் படுக்கவைத்து
ஆணி அடித்தேன்.
நாலாவது படத்தில்
அந்த மஞ்சள் வானம் பிடித்துப்போனது.
செம்பனை ஆலைக்குப் பின்னால்
மழை விட்ட சில மாலைகளில் அது வரும்,
யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.
ஆறாவதில் அலுத்துவிட்டது.

ஏழாவதில் யுஸ்தினா வந்தாள்.
சொந்த ஊர் புளோரஸ் தீவு.
மூன்றாவது டிவிஷனில்
உதிர்ந்த பழம் பொறுக்குகிறாள்.
சேற்று பூட்ஸை வாசலில் கழற்றி
பைக்குள்ளிருந்து குதிகால் செருப்பை எடுத்து
மாட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"யார் இவர்கள்?" மலாயில் கேட்டாள்.
தீவுக்காரர்கள், என்றேன்.
"எந்தத் தீவு?"
ரொம்ப தூரம்.
குனிந்து பார்த்தாள்,
சந்தையில் கோழியைப் பார்ப்பது போல
காலிலிருந்து தலைவரை.
"கையில் ஒரு வேலையும் இல்லை" என்றாள்.
கொஞ்சம் கழித்து,
"பெயர் என்ன?"
கூயின் போனில்
படத்துக்குப் பெயர் இருந்தது.

அவளுக்கு ஒரு போட்டோ வேண்டும்,
அம்மாவுக்கு அனுப்ப.
பின்திரைகளை ஒவ்வொன்றாக உருட்டி இறக்கினேன்.
அருவி: வேண்டாம், ஊரிலேயே இருக்கிறது.
கடற்கரை, தென்னை: சிரித்துவிட்டாள்.
இரட்டைக் கோபுரம்:
அது. அதுதான்.

அந்தத் திரை நான் வரைந்தது.
கோலாலம்பூருக்கு அதுவரை போனதில்லை.
பிஸ்கட் டின் மூடியைப் பார்த்து வரைந்தேன்.
நீலம் தீர்ந்துபோய்ப் பாதி வானம்
கதவுக்கு வாங்கிய பச்சை.
இடது கோபுரம் லேசாகத் தள்ளாடும்.

அதன் முன்னால் நேராக நின்றாள்.
செம்பனை முள் கிழித்த மணிக்கட்டை
உட்பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.
லென்ஸைப் பார்த்தாள்,
கடன் கொடுக்கிறவள் போல.

கோபுரம் சாய்ந்திருக்கிறது,
கம்ப்யூட்டரில் நிமிர்த்தித் தரட்டுமா, என்றேன்.
"வீட்டில் யாருக்குத் தெரியப்போகிறது"
என்றாள் யுஸ்தினா.
பெரிய அளவு கேட்டாள்,
சட்டத்தோடு முப்பது வெள்ளி.
இருபத்தைந்து தந்தாள்.

மறுநாள் கூயின் வேன்.
பையன் அவசரத்தில்
பதின்மூன்றையும் ஏற்றிவிட்டான்.
ஒரே மரம், ஒரே அளவு, அவனைச் சொல்லிக் குற்றமில்லை.
கையில் சுத்தியலோடு ஓடினேன்,
பஸ் நிறுத்தம் தாண்டி, நாசி கண்டார் கடை தாண்டி.
சிவப்பு விளக்கில் மடக்கி
பின்கதவைத் திறந்து
அவளை மட்டும் இறக்கிக்கொண்டேன்.